பாக்டீரியாவுக்கு ஆயுசு 20 நிமிஷம்தானா? டியூஷன் பையன் கேட்ட கேள்வி

தக்கலை டியூஷன் டீச்சர்:

எல்லாருக்கும் வணக்கம். தக்கலைப் பக்கம் வீட்டுலயே டியூஷன் எடுக்கேன். நான் படிச்சது கணக்கு. பிள்ளைகளுக்காக அறிவியலும் சேர்த்து எடுக்க வேண்டியிருக்கு. போன வாரம் பாக்டீரியா ரெண்டாப் பிரியுறதைப் போர்டுல வரைஞ்சேன். 1, 2, 4, 8... கணக்கு டீச்சருக்கு அது சந்தோஷமான இடம். 20 நிமிஷத்துக்கு ஒருக்க இரட்டிக்கும்னு சொல்லி வாய் மூடல, பின்னாலேந்து ஒருத்தன், "அப்போ அதுக்க ஆயுசு 20 நிமிஷமா டீச்சர்?"னு கேட்டான். நாளைக்குச் சொல்லுகேன்னு நிறுத்தி வச்சிருக்கேன்.

கடையில வாங்கின கைடு ஒண்ணுல ஒரு அட்டவணை இருக்கு. ஆயுள்: பாக்டீரியா 20 நிமிடம், மனிதன் 70 ஆண்டு. இனப்பெருக்கம்: பிளவு, பால்முறை. பரிணாமம்: வேகம், மெதுவு. அவ்வளவுதான். பரீட்சைக்கு அது போதும், இந்தப் பையனுக்குப் போதாது.

என் சந்தேகங்களையும் சேர்த்துக் கேக்கேன். பாக்டீரியா வயசாகிச் சாகுமா? 20 நிமிஷத்துக்கு ஒருக்க இரட்டிச்சா நாளைக்கே உலகம் மூடிப் போகணுமே, ஏன் போகல? மூணாவது அவனுக்க பாட்டி விஷயம். யூரின் இன்ஃபெக்ஷன்னு முதல்ல குடுத்த மாத்திரை கேக்கல. கல்ச்சர் எடுத்துப் பாத்து வேற மருந்து மாத்தினாங்க. "கிருமி மருந்துக்குப் பழகிட்டு"ன்னு சொன்னாங்களாம். நாம காந்தாரி மிளகு கடிச்சுக் கடிச்சு உறைப்புக்குப் பழகுவோமே, அது மாதிரின்னு அவன் புரிஞ்சு வச்சிருக்கான். செரியா அது?

விவரம் தெரிஞ்ச அண்ணாச்சிமாரு, அக்காமாரு கொஞ்சம் சொல்லுங்க.

நாகர்கோவில் பழைய லேப்காரன்:

டீச்சரே, பையன் கொள்ளாம். கைடுதான் கொள்ளாது.

ஆஸ்பத்திரி மைக்ரோபயாலஜி லேப்புல இருந்து ரிட்டயர் ஆனவன் நான். 20 நிமிஷம்ங்கது ஒரு பிரிவுக்கும் அடுத்த பிரிவுக்கும் உள்ள இடைவெளி. மனுஷன் பக்கத்துல அதுக்கு ஈடா 70 வயசை வைக்கக் கூடாது. அம்மைக்கும் மகளுக்கும் உள்ள வயசு வித்தியாசத்தை வைக்கணும், 25, 30 வருஷம்னு. கைடு எழுதினவர் தலைமுறைக் கணக்கைத் தூக்கி ஆயுள் கட்டத்துல போட்டுட்டார்.

பிரியும்போது அது சாகுதான்னா, பிணம் எங்கன்னு பையன்கிட்ட கேளுங்க. செல் நீளுது, நடுவுல சுவர் எழும்புது, ரெண்டாகுது. எதுவும் மிச்சம் கிடக்காது. இதுல யாரு அம்மை, யாரு மகள்னு பிரிச்சுச் சொல்ல ரொம்ப நாள் யாருக்கும் வழி தெரியல. ஒரு சின்னத் தடயம் மட்டும் உண்டு. பிரிஞ்ச ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு முனை பழசு, மத்த முனை இப்பம் உண்டானது. பாரீஸ்ல எரிக் ஸ்டூவர்ட் குழு மைக்ரோஸ்கோப்புல ஈ. கோலைங்கிற குடல் பாக்டீரியாவைத் தலைமுறை தலைமுறையாப் படம் பிடிச்சு, பழைய முனையைத் தொடர்ந்து சுமக்குற செல் கொஞ்சங்கொஞ்சமா வளர்ச்சி குறையுதுன்னு 2005-ல எழுதினாங்க. அதைத்தான் மூப்புன்னு சொன்னாங்க. 2010-ல வேற குழு, நுண்ணிய குழாய்க்குள்ள ஒரே தாய்ச் செல்லை அடைச்சு வச்சு நூத்துக்கணக்கான தலைமுறை பாத்துட்டு, வளர்ச்சி வேகம் குறையவே இல்லைன்னாங்க. ஆனா நாள் போகப் போகச் சாகுற வாய்ப்பு கூடுச்சு. ஆக, வயசாகுமாங்கிற கேள்வியில ஆராய்ச்சிக்காரங்களே சண்டை போட்டுருக்காங்க. பையன் நல்ல கூட்டத்துலதான் இருக்கான்.

சாவு உண்டு. சூடு, பினாயில், பட்டினி, நம்ம வெள்ளையணு, பாக்டீரியாவையே தின்னுற ஃபேஜ் வைரஸ், இப்படி எத்தனையோ. எதிர்ப்பக்கமும் உண்டு. சில வகை பாக்டீரியா நிலைமை மோசமானா விதைத்துகளா, ஸ்போரா, மாறி அசையாமக் கிடக்கும். ஸ்காட்லாந்து கரைக்குப் பக்கத்துல க்ரூனார்டுன்னு ஒரு குட்டித் தீவு. 1942-ல அங்க ஆடுகளைக் கட்டிப் போட்டு, ஸ்போரா மாறுற ஆந்த்ராக்ஸ் பாக்டீரியா நிறைச்ச குண்டு சோதிச்சாங்க. கடல்வெள்ளத்துல ஃபார்மால்டிஹைடுங்கிற கிருமிக்கொல்லி கலந்து 1986-ல மண்ணை நனைச்சு, 1990-லதான் ஆள் போகலாம்னு அறிவிச்சாங்க. அத்தனை வருஷமும் அந்த ஸ்போர் மண்ணுல உயிரோட கிடந்துது. கைடு கட்டத்துல இதை எங்க எழுதுவாங்களாம்? வெள்ளம் கொதிச்சாலும் ஸ்போர் போகாதுங்கதனாலதான் லேப்புல ஆட்டோகிளேவ்ங்கிற நீராவி அழுத்தப் பாத்திரம் வச்சு 121 டிகிரியில 15 நிமிஷம் ஏத்துறது.

இனி ரெண்டாவது கேள்வி. நீங்க கணக்கு டீச்சர், நீங்களே போட்டுப் பாருங்க. ஒரு நாளைக்கு 72 இரட்டிப்பு. 2-இன் 72-ஆம் அடுக்கு. ஒரு ஈ. கோலைக்கு எடை ஏறக்குறைய ஒரு பிக்கோகிராம், கிராம்ல லட்சம் கோடியில ஒரு பங்கு. 24 மணி நேரத்துல சுமார் 4,700 டன் வரும். 44 மணி நேரத்துல பூமிக்க எடையைத் தொட்டுரும். நடக்கல, ஏன்னா தின்ன வேண்டாமா? 20 நிமிஷம்ங்கது 37 டிகிரி, ருசியான குழம்பு (கிருமி வளர்க்க லேப்புல வைக்குற சத்து நீர்), இடம் தாராளம்னு எல்லாம் அமைஞ்ச லேப் வேகம். நம்ம குடல்ல அதே ஈ. கோலை ஒரு நாளைக்குச் சில தடவை பிரிஞ்சாலே அதிகம். குழம்புலயும் தீனி தீர்ந்து கழிவு நிறைஞ்சதும் எண்ணிக்கை நின்னுரும், பொறவு இறங்கும். புதுக் குழம்புல இடும்போது கூட முதல்ல கொஞ்ச நேரம் ஒண்ணும் நடக்காது. இடம் பழகித்தான் பிரிய ஆரம்பிக்கும்.

பையனுக்கு ஒரு வேடிக்கை சொல்லுங்க. ஈ. கோலை தன் டிஎன்ஏ முழுசையும் நகல் எடுக்க சுமார் 40 நிமிஷம் ஆகும். பிரியுறது 20 நிமிஷத்துல. எப்படி? முதல் நகல் முடியுமுன்னயே அடுத்த நகலைத் தொடங்கிரும். பிறக்குற செல்லுக்குள்ள பேத்திக்கான நகல் வேலை ஏற்கெனவே நடந்துட்டிருக்கும். சிரிக்க வேண்டாம், நம்மளும் அப்படித்தான். வயித்துல இருக்குற பெண் பிள்ளைக்கு அஞ்சாம் மாசத்துலயே சினைமுட்டைச் செல் எல்லாம் உண்டாயிரும். உங்களை உண்டாக்கின முட்டைச் செல் உங்க அம்மம்மைக்க வயித்துல உண்டானது.

மூணாவது கேள்வி பெரிசு. சாயா குடிச்சிட்டு எழுதுகேன்.

ஈத்தாமொழி:

அண்ணாச்சி, இடையில ஒரு சந்தேகம். எங்க அப்பா பனையேறினவர். அக்கானி (பதநீர்) இறக்குற கலயத்துல உள்ள சுண்ணாம்பு தடவுவார். தடவாம விட்டா வெயில் ஏறுமுன்னயே நுரைச்சுக் கள்ளாயிரும். அதே நேரம் எங்க ஊர்ல கயிறு திரிக்கக் கதம்பல் (தேங்காய் மட்டை) ஊறப்போட்டா ஆறு மாசம், எட்டு மாசம் கிடக்கும், நாத்தம் சகிக்காது. ரெண்டுமே கிருமி வேலைன்னா ஒண்ணு ஏன் காலைக்குள்ள முடியுது, மத்தது ஏன் மாசக்கணக்கு இழுக்குது?

நாகர்கோவில் பழைய லேப்காரன்:

தம்பி, நல்ல இடத்துல வந்து கேட்டீங்க. அக்கானியில நேரடியாச் சர்க்கரை இருக்கு, காத்து இருக்கு, நம்ம ஊர்ச் சூடு இருக்கு. ஈஸ்ட்டும் சைமோமோனாஸ்ங்கிற பாக்டீரியாவும் லாக்டிக் பாக்டீரியாவும் போட்டி போட்டுத் தின்னும். சுண்ணாம்பு காரம் ஏத்துறதுனால அதுகளுக்கு வேலை ஓடாது. கதம்பல் கதை வேற. வெள்ளத்துக்கடியில காத்து இல்லை. நாரைப் பிடிச்சு வச்சிருக்க பெக்டினைக் காத்து வேண்டாத பாக்டீரியா பையப் பையக் கரைக்கணும். அந்த அழுகின முட்டை நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு. பாக்டீரியாவுக்க வேகம்னு ஒரே எண்ணைக் கட்டத்துல எழுத முடியாதுன்னு நான் சொல்லுறது இதுக்குத்தான்.

குலசேகரம் ரப்பர்:

கூடவே எனக்கும் ஒண்ணு. எங்க தோட்டத்துல நிக்குறது எல்லாம் 105-ங்கிற ரப்பர் ரகம். ஒட்டுக் கட்டினது, ஒரே தாய்மரத்துக்க நகல். அதனால ஒரு மரத்துக்கு ஆகாத நோய் எல்லா மரத்துக்கும் ஆகாது, மழைக்காலத்துல இலை கொட்டினா சேர்ந்து கொட்டும். பாக்டீரியாவும் ரெண்டாப் பிளந்த நகல்தானே. எல்லாம் ஒண்ணு போல இருந்தா பரிணாமம் எங்கேந்து வரும்? நாம கல்யாணம் கட்டி ஜீனைக் கலக்குறோம், நாமதானே சீக்கிரம் மாறணும்?

நாகர்கோவில் பழைய லேப்காரன்:

சாயா ஆச்சு. ரப்பர்காரர் கேட்டதும் டீச்சருக்க மூணாவது கேள்வியும் ஒரே இடத்துலதான் வந்து நிக்குது.

நகல் எடுக்கும்போது எழுத்துப் பிழை விழும். ஈ. கோலைக்கு டிஎன்ஏ எழுத்து 46 லட்சம். ஆயிரம் தடவை பிரிஞ்சா ஒரு பிழை விழுற அளவுதான், அவ்வளவு சுத்தமான நகல். மனுஷப் பிள்ளை ஒண்ணு பிறக்கும்போது அம்மை அப்பன்கிட்ட இல்லாத புதுப் பிழை அறுபது, எழுபது கொண்டு வருது. ஒரு பிறப்புக்கு எத்தனைன்னு பாத்தா நாமதான் அதிகம் மாறுறோம். ஆனா ராத்திரி வளர்ந்த குழம்புல ஒரு மில்லிக்கு 100 கோடி செல் இருக்கும். ஆயிரத்துல ஒண்ணுன்னாலும் 10 லட்சம் புதுப் பிழை, ஒரு மில்லியில, ஒரே ராத்திரியில. பெரும்பாலும் ஒண்ணுக்கும் உதவாது, சிலது கெடுக்கும். எங்கேயோ ஒண்ணு ரெண்டு உதவும்.

இப்பம் காந்தாரி மிளகுக்கு வரலாம். நாம உறைப்புக்குப் பழகுறது ஒரே ஆள் மாறுறது. பாட்டிக்க வயித்துல எந்தக் கிருமியும் மருந்தைத் தின்னு தின்னு பழகல. லேப்புல நான் பாத்ததைச் சொல்லுகேன். யூரினை 0.001 மில்லி பிடிக்குற கம்பி வளையத்தால, லூப்பால, தொட்டு, மெக்கான்கிங்கிற கிருமி வளர்க்குற தட்டுல இழுப்போம். மறுநாள் ரோஸ் நிறத்துல ஈ. கோலைப் பொட்டுகள். நூறு பொட்டு எண்ணினா மில்லிக்கு லட்சம் கிருமின்னு அர்த்தம். ஒவ்வொரு பொட்டும் ஒரே செல்லுலேந்து வந்த கோடிக்கணக்கான வாரிசுகள். அதுல ஒண்ணை எடுத்து வேற தட்டுல பரத்தி, மருந்து தோய்ச்ச காகித வட்டை மேல வைப்போம். மருந்து வேலை செஞ்சா வட்டைச் சுத்தி தெளிஞ்ச வளையம் தெரியும், ஸ்கேலால மில்லிமீட்டர் அளப்போம். சில நாள் அந்தத் தெளிவுக்குள்ள தனியா ஒரு பொட்டு நிக்கும். பக்கத்துல இருந்தது எல்லாம் செத்திருக்கும், அது மட்டும் கொழுத்து நிக்கும். அதைக் குத்தி எடுத்துத் திரும்பவும் சோதிச்சா வளையமே வராது.

அந்த ஒண்ணு மருந்தைப் பாத்த பொறவு மாறிச்சா, முன்னயே மாறி இருந்துதாங்கிறதை 1943-லயே லூரியாவும் டெல்பிரூக்கும் கணக்கு வச்சுத் தீர்த்துட்டாங்க. டீச்சருக்குப் பிடிக்கும், இது புள்ளியியல். தனித்தனிச் சின்னக் குழாய்கள்ல பாக்டீரியா வளர்த்து, ஒவ்வொண்ணையும் ஃபேஜ் வைரஸ் நிறைஞ்ச தட்டுல ஊத்தினாங்க. வைரஸைப் பாத்த பொறவுதான் மாறுதுன்னா எல்லாத் தட்டுலயும் தப்பிச்ச எண்ணிக்கை ஏறத்தாழ ஒண்ணு போல வரணும். வரல. பல தட்டுல ஒண்ணுமில்ல, சிலதுல கொத்துக் கொத்தா. எந்தக் குழாய்ல அந்தப் பிழை சீக்கிரமே விழுந்துதோ அங்க வாரிசு பெருகி இருந்துது. மாற்றம் முன்னயே நடந்தாச்சு, வைரஸ் வந்து மத்ததை எல்லாம் துடைச்சுச்சு.

இதுக்கு மேல ஒரு குறுக்கு வழியும் உண்டு, அதுல மனுஷன் கிட்டவே வர முடியாது. நம்ம ஜீன் அம்மை அப்பன்கிட்டேந்து பிள்ளைக்கு மட்டும்தான் இறங்கும். பாக்டீரியா பக்கத்துல இருக்கவனுக்கும் குடுக்கும். பிளாஸ்மிட்னு சின்ன டிஎன்ஏ வளையம், செல்லுக்குள்ள தனியா நிக்கும். ரெண்டு செல் ஒட்டி அதை நகலெடுத்துக் கடத்தும். செல்லுக்குச் செல் இப்படி ஜீன் போகுதுன்னு 1946-ல லெடர்பெர்க்கும் டாட்டமும் காட்டினாங்க. ஈ. கோலை கிளெப்சியெல்லாவுக்குக் குடுக்கும், வேற இனம்னு பாக்காது. ரிப்போர்ட்டுல 'இ.எஸ்.பி.எல். பாசிட்டிவ்'னு எழுதி வருதே, பென்சிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்தைச் சிதைக்குற அந்த ஜீன் பெரும்பாலும் இப்படிப் பிளாஸ்மிட் ஏறி வந்ததுதான். 2009-ல பேர் வச்ச என்.டி.எம்-1ங்கிற இன்னொரு மருந்து எதிர்ப்பு ஜீனும் இதே வழி. ரப்பர்காரரே, உங்க 105க்குப் பக்கத்து மரத்துலேந்து நோய் எதிர்ப்பைக் கடன் வாங்கத் தெரியாது. பாக்டீரியாவுக்குத் தெரியும்.

குலசேகரம் ரப்பர்:

எல்லாம் செரி அண்ணாச்சி. ஆனா மருந்துக்குத் தப்பினாலும் அது அதே ஈ. கோலைதானே? புதுசா ஒரு திறமை முளைச்சதை யாராவது கண்ணால பாத்துருக்காங்களா?

நாகர்கோவில் பழைய லேப்காரன்:

பாத்துருக்காங்க. அதுவும் என் லேப் பெஞ்சுல தினம் செஞ்ச டெஸ்டுலயே.

அமெரிக்காவுல ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில ஒரே ஈ. கோலையிலேந்து 12 குடுவை தொடங்கினார். தினமும் ஒவ்வொண்ணுலயும் நூத்துல ஒரு பங்கை எடுத்துப் புதுக் குழம்புல விடணும், அவ்வளவுதான் வேலை. குளுக்கோஸ் கொஞ்சமாத்தான் போடுவாங்க. ஒரு நாளைக்கு ஆறு, ஏழு தலைமுறை வரும். 500 தலைமுறைக்கு ஒருக்க ஒரு பங்கை உறைய வைப்பாங்க. பிற்காலத்துல மூதாதையை ஃப்ரீசர்லேந்து எழுப்பி, வாரிசோட ஒரே குடுவையில போட்டி போட வைக்கலாம். மனுஷனை ஆராயுறவனுக்கு இந்தக் குடுப்பினை இல்லை. 75,000 தலைமுறை தாண்டியாச்சு. மனுஷக் கணக்குல, தலைமுறைக்கு 25 வருஷம் வச்சா, ஏறக்குறைய 19 லட்சம் வருஷம். நம்ம இனம் தோணியே சுமார் 3 லட்சம் வருஷம்தான், 12,000 தலைமுறை.

இப்பம் திறமை. ஈ. கோலையை அடையாளம் காண சிம்மன்ஸ் சிட்ரேட்னு பச்சை நிற ஆகர் (கிருமி வளர்க்குற கூழ்) உண்டு. கிருமி அதுல உள்ள சிட்ரேட்டை, எலுமிச்சைப் புளிப்புலேந்து வர்ற உப்பை, தின்னா நீலமாகும். கிளெப்சியெல்லா போட்டா மறுநாள் நல்ல நீலம். ஈ. கோலை போட்டா பச்சை பச்சையாவே நிக்கும். காத்து இருக்குற இடத்துல அது சிட்ரேட்டைத் தின்னாதுங்கதை வச்சுத்தான் அதுக்குப் பேரே எழுதுவோம். லென்ஸ்கிக்க குழம்புலயும் சிட்ரேட் சும்மா கிடந்துது. ஏறக்குறைய 31,500-ஆம் தலைமுறையில, 12-ல ஒரே ஒரு குடுவை மட்டும் திடீர்னு கலங்கித் தடிச்சுது. ஈ. கோலை சிட்ரேட்டைத் தின்னத் தொடங்கியாச்சு. 2008-ல எழுதி வெளியிட்டாங்க. உறைய வச்ச பழைய பங்குகளை எடுத்துத் திரும்ப ஓட்டிப் பாத்தா, பிந்தின தலைமுறைகள்லேந்து எடுத்ததுலதான் அந்தத் திறமை மறுபடி முளைச்சுது. முன்னால சத்தமில்லாம விழுந்த மாற்றங்கள் வழி ஒருக்கி வச்சிருந்துது. மத்த 11 குடுவையும் சும்மா குளுக்கோஸையே தின்னுட்டிருந்துது.

திங்கள்நகர் சிஸ்டர்:

சார் சொன்னதோட நர்ஸ் பக்கத்துலேந்து ஒன்று. 20 நிமிடம் என்பது டிபி கிருமிக்குப் பொருந்தவே பொருந்தாது. அது ஒருமுறை இரட்டிக்க 15 முதல் 20 மணி நேரம். தொழுநோய்க் கிருமி இரண்டு வாரத்துக்குக் கிட்டே எடுக்கும். அதனால் நோய் வெளியே தெரியவே சராசரி ஐந்து ஆண்டு, சிலருக்கு இருபது ஆண்டு கூட. அதை இன்றுவரை எந்த லேப் தட்டிலும் வளர்க்க முடியவில்லை. எலியின் பாதத்திலும் ஆர்மடில்லோ என்ற விலங்கிலும்தான் வளர்க்கிறார்கள்.

டிபிக்கு ஏன் இத்தனை மாத்திரை என்று நோயாளிகள் கோபப்படுவார்கள். லூரியா கணக்குதான் காரணம். ஐசோநியாசிடு, ரிஃபாம்பிசின் இரண்டும் டிபி மருந்துகள். ஐசோநியாசிடுக்கு அடங்காத கிருமி ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு அடங்காதது பத்துக் கோடியில் ஒன்று என்ற அளவில் முன்பே இருக்கும். நுரையீரலில் ஒரு குழிக்குள்ளேயே பத்துக் கோடிக் கிருமி இருக்கலாம். ஒரே மருந்து கொடுத்தால் தப்பியது மட்டும் பெருகும். இரண்டுக்கும் சேர்த்து அடங்காதது நூறு லட்சம் கோடியில் ஒன்று. அவ்வளவு கிருமி ஓர் உடம்பில் இருக்காது. நான்கு மருந்தில் தொடங்குவது இதனால்தான்.

தக்கலை டியூஷன் டீச்சர்:

சிஸ்டர், அந்தப் பெருக்கல் கணக்கை நாளைக்கே போர்டுல போடுகேன். அண்ணாச்சிக்கு ரொம்ப நன்றி. பையன்கிட்ட இவ்வளவும் சொன்னா அடுத்த கேள்வி நிச்சயம்: இத்தனை வேகமுள்ள பாக்டீரியா ஏன் இன்னும் மனுஷனை முடிக்கல? நாம மாறுறதே நின்னுட்டுதா? இன்னொண்ணு, ஸ்கூல் லேப்புல பிள்ளைகளுக்குக் காட்ட ஏதாவது உண்டா? தட்டுல வளர்த்துக் காட்டலாமா?

நாகர்கோவில் பழைய லேப்காரன்:

முடிக்கணும்னு பெரும்பாலானதுக்கு ஒரு தேவையும் இல்லை. நம்ம உடம்புல நம்ம செல் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியா சுமார் 38 லட்சம் கோடின்னு 2016-ல ஒரு மதிப்பீடு வந்துது. நாம செத்தா அதுகளுக்கு வீடு போச்சு. கெடுக்க வர்றதை எதிர்க்க நமக்குள்ளயே ஒரு வேகமான ஏற்பாடு இருக்கு. கிருமி நுழைஞ்சதும் நிணநீர்க் கணுவுல பி செல்கள்ங்கிற வெள்ளையணுக்கள் பெருகும்போது, எதிர்ப்புப் புரதத்துக்க ஜீன்ல மட்டும் வேணும்னே பிழை விட்டு, கிருமியை நல்லாப் பிடிக்குறதை மட்டும் வச்சுப் பெருக்கும். சில வாரத்துக்குள்ள நடக்குற குட்டிப் பரிணாமம் அது. ஆள் மாறல, ஆளுக்குள்ள செல் மாறுது. அது பிள்ளைகளுக்கு இறங்காது, அவங்களுக்கு அவங்க செல்தான்.

நாம மாறுறதும் நிக்கல. மாடு மேய்ச்ச கூட்டங்கள்ல பெரியவங்களுக்கும் பால் செரிக்குற மாற்றம் சில ஆயிரம் வருஷத்துல பரவினது. மலேரியா இருந்த இடங்கள்ல, ஒரு நகல் இருந்தா மலேரியாவை ஓரளவு தாங்க வைக்குற அரிவாள் செல் ஜீன் நிலைச்சுது. நம்ம நீலகிரிப் பழங்குடிகள்கிட்ட அது உண்டுன்னு 1952-லயே கண்டாங்க.

தட்டுல வளர்க்க வேண்டாம். எது முளைக்கும்னு தெரியாது, ஆட்டோகிளேவ் இல்லாம அழிக்கவும் முடியாது. தயிர் எடுங்க. ஒரு சொட்டுத் தயிரை வெள்ளத்துல கலக்கி ஸ்லைடுல மெல்லிசாத் தேய்ச்சு, காய விட்டு, தீயில ரெண்டு மூணு தடவை காட்டி, மெதிலீன் ப்ளூ ஊத்தி ஒரு நிமிஷம் கழிச்சுக் கழுவுங்க. 100 மடங்கு லென்ஸ்ல எண்ணெய் விட்டுப் பாத்தா நீலமா உருண்டைச் சங்கிலிகளும் குச்சிகளும் தெரியும். நடுவுல இடுங்கி நிக்குற குச்சியைத் தேடச் சொல்லுங்க, பிரியப் போற செல் அது. கொழுப்பு அதிகமிருந்தா மங்கும், மோர் மாதிரி நீர்க்கக் கலக்கிக்கோங்க. பாத்து முடிஞ்சதும் லென்ஸ் பேப்பரால எண்ணெயைத் துடைச்சிரணும். சில ஸ்கூல்ல அப்படியே விட்டு லென்ஸே மங்கிப் போயிருக்கு, போகுமுன்ன ஒருக்க பாத்துட்டுப் போங்க.